பெரியவர்கள் வார்டில் ஒரு பிள்ளை

மனநல வார்டின் கடைசிக் கட்டிலில் 15 வயதுப் பையன். சுற்றிலும் பெரியவர்கள். கீழே பாய் விரித்து அவன் அம்மா.

2017 மனநலச் சட்டம், பிரிவு 87: 18 வயதுக்குக் கீழே என்றால் தனி இடம். தங்கும் நாள் முழுக்கத் துணைக்கு ஒருவர். 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல். 30 நாள் நீடித்தால் மறுபடியும்.

துணை எங்கே படுப்பார்? அதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

டிஸ்சார்ஜ் சீட்டில் இருப்பதோ ஒரே வரி: ‘ஒரு மாதம் கழித்து வரவும்.’

தற்கொலை அபாயம் அதிகமாக இருப்பதே வீடு திரும்பிய முதல் சில வாரங்களில்தான். மூன்றாம் நாளுக்குள் ஒரு போன், ஒரு வாரத்தில் ரிவ்யூ வேண்டும். மாத்திரை பெரியவர்கள் கையில், பூட்டி. பூச்சிமருந்து வீட்டிலேயே கூடாது. பள்ளிக்கு என்றைக்கு, முதலில் அரை நாளா என்பதையும் வார்டிலேயே பேசி முடித்து அனுப்பணும்.