குவானாக்கோவின் காதைப் பாருங்கள், பூமா தெரியும்

சிலியின் தென்கோடியில் உள்ள டோரஸ் டெல் பைனே தேசியப் பூங்காவுக்குப் பலரும் போவது அந்த கிரானைட் சிகரங்களுக்காக. நான் போனது பூமா என்ற பெரிய காட்டுப்பூனைக்காக. புவர்ட்டோ நத்தாலெஸ் ஊரிலிருந்து இருட்டோடு கிளம்பி, விடியும் நேரத்தில் பூங்காவின் கிழக்கு எல்லையில் சார்மியென்டோ ஏரிப் பக்கம் போய் இறங்கினோம். காற்று ஆளைத் தள்ளியது.

எங்கள் வழிகாட்டி தொலைநோக்கியை எடுத்ததும் புதர்களைத் துழாவவில்லை. மேட்டின் மேல் நின்ற குவானாக்கோவைத்தான் பார்த்தார். தென் அமெரிக்கச் சுமை விலங்கான லாமாவின் காட்டு உறவு அது, ஒட்டகக் குடும்பம். இங்கே பூமாவின் முக்கிய இரையும் அதுதான். கூட்டம் மேயும்போது ஒன்று உயரத்தில் நின்று காவல் காக்கும். அதன் காது இரண்டும் ஒரே திசையில் விறைத்து நின்றன. அப்புறம் குதிரைக் கனைப்பு போல ஒரு கத்தல். அந்தத் திசையில், முட்புதருக்குப் பின்னால், வயிறு தரையில் பட ஒரு பெண் பூமா.

கத்தல் எழுந்துவிட்டால் வேட்டை அநேகமாக அவ்வளவுதான். பூமாவுக்கு நெடுந்தூரம் துரத்தும் மூச்சு கிடையாது. பதுங்கிப் பதுங்கி நெருங்கி, கடைசிச் சில பாய்ச்சலில் முடித்தாக வேண்டும். எங்கள் கண்முன்னே அது எழுந்து, மறைவைத் தேடாமல் நடந்து போய்விட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை. பசியோடு போகிறதே என்றுதான் தோன்றியது. 40, 50 கிலோ எடையுள்ள பெண் பூமா, தன்னைவிட இரு மடங்கு கனமான குவானாக்கோவின் தொண்டையையோ பிடரியையோ கவ்விச் சாய்க்க வேண்டும். ஓர் உதை சரியாக விழுந்தால் வேட்டையாடியே முடமாகிவிடும்.

அடுத்த நாள் ஒரு தனியார் பண்ணையில் பழைய இரை ஒன்றைக் காட்டினார்கள். சுற்றிலும் கொய்ரோன் புல்லை நகத்தால் வாரி இழுத்து உடலை மூடியிருந்தது பூமா. மண்ணில் நகக்கோடுகள் அப்படியே இருந்தன. விலா எலும்புகளின் நுனி கடித்துத் தின்னப்பட்டிருந்தது. பல நாள் திரும்பி வந்து தின்னுமாம். அதற்குள் நரி, காரகாரா என்ற வேட்டைப் பறவை, கான்டோர் கழுகு என்று எத்தனை வயிறு அதில் நிறைகிறது! இந்தப் புல்வெளியில் பூமா இல்லையென்றால் கான்டோருக்கும் பஞ்சம்தான்.

குவானாக்கோ சிக்காத நாளில் ஐரோப்பாவிலிருந்து வந்து பெருகிய முயல், காட்டு வாத்து, தீக்கோழி போன்ற நியாந்து பறவை எல்லாமே உணவு. அர்ஜென்டினாக் கடற்கரையில் மொன்டே லியோன் பக்கம் பென்குயின்களையும் பிடிக்கிறது.

ஆடும் இதில் உண்டு. சிக்கலே அங்கேதான். பண்ணைகளில் பூமாவைக் கொல்வதற்கென்றே லியோனேரோ என்ற ஆட்களை வைத்திருந்த காலம் உண்டு. அவர்களில் சிலர் இன்று அதே தடம் பார்க்கும் திறமையால் பயணிகளை பூமாவிடம் கூட்டிப்போகிறார்கள். நல்ல மாற்றம், ஆனால் பூங்காவை ஒட்டிய பண்ணைகளுக்குத்தான் இந்த வருமானம். தள்ளி இருக்கும் ஆட்டுக்காரருக்கு பூமாவால் நஷ்டம் மட்டுமே. மந்தையோடு காவல் நாய்களை வளர்க்கும் முறை படகோனியா என்ற இந்தத் தென்கோடி நிலப்பகுதியில் பரவி வருகிறது. சுற்றுலாவில் வரும் பணத்தில் ஒரு பங்கு அந்த நாய்களுக்குப் போக வேண்டும் என்பது என் கட்சி.