திருச்சி–சிங்கப்பூர்: டிக்கெட்டில் உள்ள நேரக் கணக்கு

நேர்கோட்டில் சுமார் 2,980 கி.மீ. பயண நேரம் நாலேகால் மணி என்று வையுங்கள். ஓடுபாதைக்கு உருண்டு போவதும் இதில் சேர்த்தி.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி முந்தி. இரவு 1.00-க்குக் கிளம்பி காலை 7.45-க்கு இறங்கினால் வித்தியாசம் 6.45, அதில் 2.30 கழித்தால் 4.15. திரும்பும்போது கூட்டணும்.

தென்மேற்குப் பருவத்தில் உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து பலமாக அடிக்கும். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது தள்ளிவிடும்.

பலர் கோட்டைவிடுவது தேதியில்தான். 15-ஆம் தேதி 00.40 என்றால், 14-ஆம் தேதி ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்கே கும்பகோணத்திலிருந்து கார் கிளம்பணும். தஞ்சாவூர்க்காரர்களுக்கு இன்னும் ஒரு மணி அவகாசம் உண்டு. மன்னார்குடிக்காரர்களுக்கு அது கிடையாது.