கம்பத்தில் மிஞ்சிய கேபிள் டை

காலையில் பஸ் நிறுத்தம் பக்கத்து விளக்குக் கம்பத்தில் ஒரு கறுப்பு கேபிள் டை, பதாகை கட்டும் பிளாஸ்டிக் பட்டை. தேர்தல் பதாகை எப்போதோ போய்விட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு டை மட்டும் நிற்கிறது.

சிங்கப்பூரின் 2025 பொதுத் தேர்தல் மே 3. அடுத்த 7 நாளுக்குள் எல்லாவற்றையும் இறக்கியிருக்க வேண்டும். பதாகையை இறக்குபவர்கள் டையை மறந்துவிடுகிறார்கள்!

கட்டுவதில்தான் முழுக் கூத்தும். தரையிலிருந்து குறைந்தது 2.2 மீட்டர். அளக்க வேண்டியது பதாகையின் கீழ் விளிம்பை. புதிய தொண்டர்கள் மேல் டையை அளந்துவிட்டுப் போய்விடுவார்கள். அட்டை தொங்கும்போது கீழ் விளிம்பு நடப்பவர் தலையில் இடிக்கும்.

டையும் ஒன்று போதாது. மேலே இரண்டு, கீழே இரண்டு. கீழே கட்டாவிட்டால் காற்று அட்டையைத் தூக்கி அடிக்கும், துளை கிழியும். மழை பெய்தால் வழவழப்பான கம்பத்தில் சறுக்கி இறங்கும். காலையில் 2.2 என்று கட்டியது மாலையில் இரண்டுக்கும் கீழே.

அனுமதி வாங்கி, வேட்புமனுத் தாக்கல் முடிந்த பிறகுதான் கட்டலாம். எத்தனை பதாகை என்பது தொகுதி வாக்காளர் எண்ணிக்கையைப் பொறுத்தது. அச்சிட்டவர், வெளியிட்டவர், யாருக்காக என்ற விவரம் அதிலேயே இருக்க வேண்டும். அச்சடித்த பிறகு ஞாபகம் வந்தால் ஸ்டிக்கர் ஒட்டி மாளாது.

வாக்களிப்புக்கு முந்தின பிரசார ஓய்வு நாளில் புதிதாக ஒன்றும் ஏற்றக்கூடாது. முறையாக ஏற்கெனவே கட்டியது இருக்கலாம். அதனால் ஓய்வு நாளுக்கு முந்தின நாள் மாலையே ஒரு சுற்று போய், தளர்ந்ததை இறுக்கிவிடுவது நல்லது.

இறக்கப் போகும்போது ஏணியோடு ஒரு கட்டரும், வெட்டிய டையைப் போட ஒரு பையும்.