வெட்டுவதற்கு முன் ஒரு கேள்வி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் தரவுப் பிரிவில் பைத்தான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதுவது என் வேலை. தினமும் வந்து சேரும் கோப்புகளில் பெயர், அடையாள எண், முகவரி எல்லாம் ஒரே வரியில் நெருக்கியடித்துக் கிடக்கும். அவற்றைப் பிரித்து உரிய இடத்தில் சேர்க்க வேண்டும்.

எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த, டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதி இளைஞர் ஒருவர் கேட்டார்: “எப்படியும் ஸ்பிளிட் செய்யத்தானே போகிறோம் அண்ணா, அதற்கு முன் எதற்கு ஒரு சோதனை?”

நியாயமான கேள்வி. வரியைத் துண்டுகளாக வெட்டும் கட்டளையான ஸ்பிளிட், ஒவ்வொரு துண்டுக்கும் புதிய சரம் (எழுத்துகளின் தொடர்) ஒன்றை உருவாக்குகிறது. அவற்றை வைக்க ஒரு பட்டியலையும் உருவாக்குகிறது. தேடும் சொல் வரியில் இருக்கிறதா என்று ‘இன்’ மூலம் கேட்டால் ஆம், இல்லை என்ற பதில் மட்டுமே வரும். வேண்டாத வரிகளே மிகுந்த கோப்பில் இந்த ஒரு கேள்வி பெரும் சுமையை இறக்கிவிடுகிறது. வரியின் தொடக்கம் மட்டும் போதுமென்றால் ஸ்டார்ட்ஸ்வித் இருக்கிறது. பல தொடக்கங்களை டப்பிள் என்ற ஒரே தொகுப்பாகக் கொடுக்கலாம். இவ்வளவு எளிய வேலைக்கு எழுத்து வடிவங்களைத் தேடும் பெரிய கருவியான ரெகுலர் எக்ஸ்பிரஷனை இழுத்து வருவது எனக்குப் பிடிக்காது.

வெட்டினாலும் அளவோடு வெட்ட வேண்டும். எத்தனை வெட்டு என்பதை ஸ்பிளிட்டிடமே சொல்லலாம். ஒரே வெட்டுக்குப் பார்ட்டிஷன் சிறந்தது: வெட்டும் இடத்தைக் காட்டும் குறியான பிரிப்பான் இல்லாத வரியிலும் மூன்று துண்டுகளையே தரும், நிரல் பாதியில் நிற்காது.

பெயர்களில்தான் எனக்குக் கோபம் வரும். இடைவெளியில் வெட்டிக் கடைசித் துண்டைக் குடும்பப் பெயராக எடுக்கும் நிரல், நாயுடுவையும் பிள்ளையையும் சரியாகத் தரும். வான் டெர் மெர்வே என்ற ஆப்பிரிக்கானர் குடும்பப் பெயரை வெறும் மெர்வே ஆக்கிவிடும். 1860 முதல் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் வழியில் முதலி மூட்லியாகவும் கவுண்டர் கோவெண்டராகவும் பதிவான நாடு இது. இங்கே இன்னொருவர் பெயரைக் குறைக்க நமக்கு மனம் வரலாமா? பெயரை முழுதாக ஒரே புலத்தில் (தரவுக்கான கட்டத்தில்) வைக்கச் சொல்லி வாதாடினேன்.

அடையாள எண்ணுக்கு ஸ்பிளிட்டே தேவையில்லை. 13 இலக்கங்கள், முதல் 6 பிறந்த தேதி, கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. முதலில் நீளம் பார்க்கிறோம், பிறகு எல்லாம் இலக்கங்கள்தானா என்று கேட்கும் இஸ்டிஜிட். ஆனால் ‘௧௨௩’ என்ற தமிழ் எண்களுக்கும் இஸ்டிஜிட் ஆம் என்றே சொல்லும். நம் எண்களையும் அது அறிந்திருப்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. இந்தப் புலத்தில் மட்டும் அவற்றை ஏற்க முடியாது. ஆகவே ஆங்கில எழுத்துகள், 0 முதல் 9 வரையான எண்கள் போன்ற ஆஸ்கி குறிகள் மட்டுமே உள்ளனவா என்று பார்க்கும், பைத்தான் 3.7இல் வந்த இஸ்ஆஸ்கியையும் சேர்த்திருக்கிறோம். இவற்றைத் தாண்டிய எண்ணுக்கு மட்டுமே, கடைசி இலக்கத்தைச் சரிபார்க்கும் லூன் கணக்கு நடக்கும்.