மகளுக்குப் பதவி உயர்வு

ஜூன் மாதத்தில் ஒருநாள் இரவு பதினொன்றே காலுக்கு மின்னஞ்சல் வந்தது. மகள் கால்பந்து கிளப்பின் முதல் அணிக்குத் தேர்வாகிவிட்டாளாம். 24 மணி நேரத்துக்குள் சம்மதம் சொல்லி முன்பணம் கட்ட வேண்டுமாம். மறுநாள் மனைவி சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். நான் கட்டண விவரத்தைத் திறந்து பார்த்துவிட்டு, முந்திரியைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னேன்.

நாங்கள் இருப்பது டல்லாஸ் பக்கம். மூன்று வருடமாக அவள் இரண்டாம் அணியில் ஆடிக்கொண்டிருந்தாள். பத்து நிமிடத் தொலைவில் மைதானம். கோல் விழுந்தால் கை தட்டுவோம். யாருக்கு விழுந்தது என்று பிறகு விசாரித்துக்கொள்வோம். முதல் அணி ஆடுவதோ இசிஎன்எல்லில். 2009-இல் பெண்களுக்கென்றே தொடங்கிய தேசிய லீக் அது. அங்கே பக்கத்து ஊர் என்றால் 240 மைல் தள்ளி இருக்கிற ஹூஸ்டன்.

13 வயதுக்கு உட்பட்டோர் பிரிவு என்பதால் எல்லாமே ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது. ஒன்பது பேர் ஆட்டம் பதினொரு பேர் ஆட்டமானது, நான்காம் எண் பந்து ஐந்தாம் எண்ணானது. இவள் ஆடும் நேரம் மட்டும் இளைத்தது. பழைய அணியில் கோலாக அடித்துத் தள்ளியவளை இங்கே லெஃப்ட் பேக், அதாவது இடப்பக்கத் தடுப்பாட்டக்காரி ஆக்கினார்கள், அதுவும் மாற்று ஆட்டக்காரியாக.

தஞ்சாவூரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருந்த என் அம்மாவுக்கு வேறொரு கவலை. இந்த நாட்டில் பத்து வயது வரை பிள்ளைகள் பந்தைத் தலையால் முட்டக் கூடாது. தான் முட்டலாம் என்று பேத்தி பெருமையாகச் சொல்லிவிட்டாள். ஹூஸ்டன் ஆட்டத்தன்று விடியற்காலை நான்கு மணிக்கு அம்மா நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார்.

“வெறுந்தலையோடா முட்டுவாள் குழந்தை?”

மண்டை குளிரக் குளிர எண்ணெய் வைத்து, நெற்றி இழுபட இரட்டைப் பின்னல் போட்டு அனுப்பினார். நான்கு மணி நேரப் பயணம். கார் முழுக்க எண்ணெயும் இட்லிப் பொடியும் கலந்த வாசனை.

முதல் அணிப் பெற்றோர் சத்தம் போடுவதில்லை. மடக்கு நாற்காலியில் பரீட்சை மேற்பார்வையாளர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். வெளியிலிருந்து யாரும் யோசனை சொல்லக் கூடாது என்பது விதி. தமிழில் சொன்னால் கணக்கில் வராது என்று நினைத்து, “மறி, மறி, விடாதே!” என்று கத்தினேன். நடுவர் திரும்பிப் பார்த்தார். நான் கத்தியது யாரைப் பார்த்து என்று எனக்கே தெரியவில்லை, மகள் பெஞ்சில் இருந்தாள்.

அம்மாவுக்கோ முகமெல்லாம் பூரிப்பு. “பார்த்தாயா, மற்ற பிள்ளைகளையெல்லாம் வெயிலில் விரட்டுகிறார்கள். நம் குழந்தைக்கு மட்டும் நிழலில் இடம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.”

ஆட்டம் முடியப் பதினொரு நிமிடம் இருக்கும்போது அவளை இறக்கினார்கள். நிழலிலிருந்து எழுப்பிவிட்டார்களே என்று அம்மா முணுமுணுத்தார். இறங்கிய சிறிது நேரத்தில் எதிரணிக்கு ஒரு கார்னர், மைதான மூலையிலிருந்து அடிக்கும் உதை. பந்து சுழன்று கோலுக்கு முன்னால் இறங்கியது. இவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு எம்பினாள். நேராக முன்னால் போயிருக்க வேண்டிய பந்து, உச்சந்தலையில் பட்டு வழுக்கிப் பக்கவாட்டில் பறந்து, கோட்டைத் தாண்டி எங்கள் இட்லிப் பாத்திரத்தின் மேல் விழுந்தது. ஒருவரும் எதிர்பார்க்காத திசை. பயிற்சியாளர் இரண்டு கையையும் உயர்த்தி “பிரமாதம்!” என்று கத்தினார். அடுத்து பந்தைக் கையில் எடுத்த எதிரணிப் பெண், அதைக் கீழே வைத்துவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில் மகள் தூங்கிவிட்டாள். இன்னும் 200 மைல் இருந்தது. பின்சீட்டிலிருந்து அம்மா மெதுவாகக் கேட்டார்:

“அடுத்த வாரம் விளக்கெண்ணெய் வைத்துப் பார்க்கட்டுமா?”