அறிவியல் புனைகதை வரிசைக்கு அட்டை: ஒரு பதிப்பாசிரியரின் நாட்குறிப்பு

ஜனவரி 8

நான்கு நாவல்களும் பிரதி திருத்தம் முடிந்து கையில் இருக்கின்றன. அட்டைகளை ஒவ்வொன்றாக முடிவு செய்யாமல், நான்கையும் சேர்த்தே முடிவு செய்வதென்று வடிவமைப்பாளரிடம் சொல்லிவிட்டேன். முதல் நூலுக்கு அழகான அட்டையைப் போட்டுவிட்டு, அதே பாணி மூன்றாவது நூலில் கைகொடுக்காமல் திணறிய வரிசைகள் உண்டு. எங்கள் வரிசையில் முதல் கதை நிலவில் நடக்கிறது. இரண்டாவது ஒரு விண்கலத்துக்குள். மூன்றாவது வியாழனின் துணைக்கோளான யூரோப்பாவின் பனி ஓட்டுக்கு அடியிலுள்ள கடலில். நான்காவது பூமிக்கே திரும்பிவிடுகிறது. விண்மீனே தென்படாத மூன்றாவது கதைக்குப் பொருந்தும் பாணி மற்றவற்றுக்கும் பொருந்தும் என்பது என் கணக்கு. எனவே மாதிரிகளை அந்த நூலிலிருந்து தொடங்கும்படி கேட்டிருக்கிறேன்.

ஜனவரி 13

பழைய அட்டைகளைப் புரட்டினேன். 1926 ஏப்ரலில் வெளிவந்த ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ முதல் இதழுக்கு ஃபிராங்க் ஆர். பால் வரைந்த அட்டையில், பின்னால் வளையங்களோடு சனிக்கோள் பெரிதாக எழுந்து நிற்க, மனிதர்கள் பனியில் சறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். 1950களில் பாலன்டைன் நிறுவனத்துக்காக ரிச்சர்ட் பவர்ஸ் வரைந்த பல அட்டைகளில், கலமோ வீரனோ இருக்க வேண்டிய இடத்தில் இன்னதென்று சொல்ல முடியாத உருவங்கள் மிதக்கின்றன. 1970களில் கிறிஸ் ஃபாஸ் ஏர்பிரஷ் கொண்டு தீட்டிய பிரம்மாண்டமான கலங்களோ, உள்ளேயிருந்த கதைக்குச் சம்பந்தமில்லாமலும் பல நூல்களின் மேல் ஏறி அமர்ந்தன. நாவலாசிரியருக்கு மூன்றாவது வழிதான் பிடித்திருக்கிறது. நான்கு அட்டையிலும் விண்கலம் வேண்டும் என்கிறார். கலம் வருவதே ஒரு நாவலில்தான் என்பதை அவருக்கே நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

எனக்கு உதவக்கூடியதாகத் தோன்றியது வேறு வகை நூல்களிலிருந்து வந்தது. பெங்குவின் துப்பறியும் நூல்களுக்காக 1961இல் ரோமெக் மார்பர் வகுத்த கட்டத்தில், மேல் மூன்றிலொரு பங்கு எழுத்துக்கு, கீழே மீதமெல்லாம் படத்துக்கு. சட்டகம் அப்படியே நிற்க, படம் மட்டும் நூலுக்கு நூல் மாறும்.

ஜனவரி 21

மாதிரிகள் வந்தன. தொலைநோக்கிப் படத்தை வைத்துச் செய்த ஒன்றை உடனே ஒதுக்கினேன். அத்தகைய வண்ண முகில்கள் எந்த நூலுக்கும் பொருந்தும், ஆகவே எந்த நூலுக்கும் உரியவையல்ல.

இன்னொன்றில், யூரோப்பாவின் பனித்தரையில் ஒருவர் நிற்க, தொலைவில் நம் முழுநிலவின் அளவில் வியாழன். அங்கிருந்து பார்த்தால் வியாழன் நம் நிலவைப் போல் சுமார் 24 மடங்கு அகலமாகத் தெரியும். யூரோப்பா எப்போதும் ஒரே முகத்தை அதற்குக் காட்டுவதால், வானில் ஏறக்குறைய ஒரே இடத்திலேயே நிற்கும். அளவைத் திருத்திவிடலாம்தான். ஆனால் கதை நடப்பது தரைக்கு மேலே அல்லவே.

மூன்றாவது மாதிரி குறுக்குவெட்டு: மேலே வெளிறிய பனி, கீழே கருநீலக் கடல், அதில் நெல்மணி அளவுக்கு ஒரு நீர்மூழ்கி. பார்த்தவுடனே மற்ற மூன்று அட்டைகளும் மனத்தில் விழுந்துவிட்டன. நிலவின் தூசிப்படலத்தை வெட்டிக் காட்டலாம். கலத்தின் சுவரை வெட்டிக் காட்டலாம். பூமியின் மண் அடுக்குகளையும் அவ்வாறே. ஒரு திருத்தம் மட்டும் சொன்னேன். பனி ஓட்டின் தடிமன் 15 முதல் 25 கிலோமீட்டர் என்றும், கடலின் ஆழம் 60 முதல் 150 கிலோமீட்டர் என்றும் மதிப்பிடுகிறார்கள்; படத்திலோ பனி பாதியை அடைத்துக்கொண்டிருந்தது. ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தால் கடலின் ஆழம் கண்ணுக்குப் புலப்படும். அளவுப்படி வரைந்தால் நீர்மூழ்கியே தெரியாது என்பதால், அந்தப் பொய்யை மட்டும் அனுமதித்திருக்கிறேன்.

ஜனவரி 29

இன்று முழுவதும் எழுத்துருவிலேயே போயிற்று. ‘எதிர்காலத் தோற்றம்’ என்ற பெயரில் வளைவுகளையெல்லாம் நேர்கோடாக்கிய எழுத்துருவை வடிவமைப்பாளர் முதலில் வைத்திருந்தார். ஆங்கில எழுத்துகள் அந்தச் சித்திரவதையைத் தாங்கிக்கொள்ளும்; தமிழில் ணகரத்துக்கும் னகரத்துக்கும் வேறுபாடே ஒரு சுழிதான். கைப்பேசித் திரையில் கட்டைவிரல் நக அளவுக்குச் சுருக்கிப் பார்த்தபோது சுழிகள் அடைத்துக்கொண்டு இரண்டும் ஒன்றாகிவிட்டன. ழகரம் வெறும் கறையாக நின்றது. சுழிகள் திறந்திருக்கும், தடிப்பு சீரான எளிய எழுத்துருவைத் தேர்ந்தோம். கருநீலத்தின் மேல் வெள்ளையாக விடும் எழுத்துக்குள் அச்சில் மை பரவும் என்பதால், சற்றே தடித்த வகை.

பிப்ரவரி 6

அச்சு மாதிரி வந்தது. திரையில் ஒளிர்ந்த நீலம் தாளில் மங்கிவிட்டது. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது; அச்சோ சியான், மெஜன்டா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளுக்குள் அடங்க வேண்டும். நாவலாசிரியர் முகம் சுளித்தார். நீலத்தைக் கூட்டுவதைவிடச் சுற்றியுள்ளதை இருட்டாக்குவதே வழியென்று, கடலின் அடிப்பகுதியில் கறுப்பு மையோடு சியானும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். பின்னட்டைக் குறிப்புக்கு அந்தக் கலவை ஆகாது. மைகள் இம்மி விலகினாலும் பொடி எழுத்துக்கு நிழல் விழும். அது வெளிறிய பின்னணியில் கறுப்பு மையில் மட்டுமே வரும்.

பளபளப்பில்லாத மேட் லேமினேஷன்தான் குறுக்குவெட்டுக்குப் பொருத்தம். கருநிறத்தில் விரல் ரேகை படியும் என்ற எச்சரிக்கையைக் கேட்டுக்கொண்டும் அதையே எடுத்தேன்.

பிப்ரவரி 11

நாவலாசிரியர் ஒப்புக்கொண்டார், இரண்டாவது நூலில் கலத்தின் சுவருக்கு வெளியே அதன் முன்பகுதி சிறிது தெரிய வேண்டும் என்ற நிபந்தனையோடு. அது நியாயமான கோரிக்கையே. அட்டையில் நூல்முதுகின் அகலத்தைக் கணக்கிடக் கடைசிப் பக்க எண்ணிக்கையும் தாளின் தடிமனும் தெரிய வேண்டும். நான்காவது நூலின் பக்கவடிவமைப்பு முடியாததால், மற்ற மூன்றின் கோப்புகளை மட்டும் இன்று அச்சகத்துக்கு அனுப்பினோம்.