குலசேகரம் தாண்டி எரிந்த சிவப்பு விளக்கு

என் காரின் டேஷ்போர்டில் எத்தனை விளக்குகள் இருக்கின்றன என்று போன ஆனி மாதம் வரை எனக்குத் தெரியாது. பெட்ரோல் குறைந்தால் ஒன்று எரியும், சீட் பெல்ட் போடாவிட்டால் ஒன்று கத்தும். அவ்வளவுதான் எங்களுக்குள் இருந்த பேச்சுவார்த்தை.

மதுரையிலிருந்து தக்கலைக்கு, என் தாய்மாமா வீட்டுக்குக் கிளம்பினோம். நான், மனைவி, ஒன்பது வயது மகள். திற்பரப்பு அருவியில் குளிக்க வேண்டும், பேச்சிப்பாறை அணை, மாத்தூர் தொட்டிப்பாலம், நேரமிருந்தால் பத்மநாபபுரம் அரண்மனை. இவ்வளவுதான் திட்டம்.

கிளம்பும் முன் வண்டியைப் பார்த்துவிட்டேன் என்ற பெருமை வேறு. டயர் சூடேறுவதற்குள் காற்று அடித்தேன். எவ்வளவு என்பதைப் பங்க் பையனிடம் விடாமல், டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரைப் பார்த்துச் சொன்னேன். சமமான இடத்தில் நிறுத்தி, ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, இரண்டு கோடுகளுக்கு நடுவில் ஆயில் நிற்கிறது என்று உறுதி செய்துகொண்டேன். வைப்பருக்குத் தண்ணீர் ஊற்றினேன். பானெட்டை மூடிவிட்டேன். இஞ்சின் பெல்ட்டைப் பார்க்கவில்லை. ஸ்டெப்னியைத் தொடவே இல்லை.

காவல்கிணறு வரை சும்மா வந்த வண்டி, ஆரல்வாய்மொழியில் ஆடத் தொடங்கியது. மலை இடைவெளியில் தென்மேற்குக் காற்று பீறிட்டு வரும் மாதம். முப்பந்தல் காற்றாலைகள் எல்லாம் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. லாரியை முந்தும்போது அதன் மறைவில் காற்று சட்டென்று நின்று, தாண்டியதும் பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளும். அது வரும் என்று தெரிந்து இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தால் பயமில்லை. தோவாளை தாண்டியதும் பச்சை, அப்புறம் மழை.

மாமா அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். குலசேகரம், பேச்சிப்பாறை, கோதையாறு என்று மலைப்பக்கத் தடங்களிலேயே பெரும்பாலும் ஓடியவர். மறுநாள், சனிக்கிழமை காலை வண்டியை ஸ்டார்ட் செய்ததும் நாலைந்து விநாடி ‘கீச்’சென்று ஒரு சத்தம். மாமா தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“என்னதுடே சத்தம்?”

“மழை ஈரம் மாமா. கொஞ்ச நேரத்துல போயிரும்.”

போய்விட்டது. மாமா ஒன்றும் சொல்லாமல் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

திற்பரப்பில் நல்ல தண்ணீர். குளித்து, பழபஜ்ஜி தின்று, பேச்சிப்பாறை பார்க்கக் குலசேகரம் வழியாகத் திரும்பினோம். இரண்டு பக்கமும் ரப்பர் தோட்டம். மழைக்காலம் என்பதால் ஒவ்வொரு மரத்துக்கும் இடுப்பில் பிளாஸ்டிக் பாவாடை கட்டி, அதற்கடியில் பால் வடியச் சிரட்டை வைத்திருந்தார்கள். மகள் அதை எண்ணிக்கொண்டு வந்தாள். முன்னால் ஒரு கார் நாலு இண்டிகேட்டரையும் சிமிட்டிக்கொண்டே ஓடியது. மழையில் இப்படி ஓட்டுவதைப் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். அது நின்றுபோன வண்டிக்கான அடையாளம். அதைப் போட்டுக்கொண்டு ஓடினால், அந்த ஆள் இடதில் திரும்பப் போகிறாரா வலதிலா என்று பின்னால் வருபவனுக்கு எப்படித் தெரியும்? மழைக்கு ஹெட்லைட் போதும்.

இப்படி மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு முன்னால் சிவப்பாக ஒன்று எரிந்தது. சின்ன பேட்டரிப் படம்.

எனக்குக் கவலையே வரவில்லை. பேட்டரி மாற்றி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ‘ஈரத்தில் ஒயர் ஏதாவது லூசாகியிருக்கும், ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஓட்டினேன். இரண்டு கிலோமீட்டர் போயிருப்போம். அலைமேல் தெர்மாமீட்டர் மிதப்பது போன்ற படம், அதுவும் சிவப்பு, சிமிட்டத் தொடங்கியது.

மாமா இதைப் பார்த்துவிட்டார். “மக்கா, ஓரமா நிப்பாட்டு.”

“கொஞ்சம் தள்ளி ஒரு டீக்கடை இருக்குமா மாமா?”

“டீக்கடை இருக்கும். இஞ்சின் இருக்காது. நிப்பாட்டு.”

வளைவு முடிந்து இருபதடி தள்ளி நிறுத்தினேன். ஆபத்து விளக்கைப் போட்டு, இஞ்சினை அணைத்தேன். மனைவியையும் மகளையும் வண்டியை விட்டு இறக்கி, சாலையை விட்டு எட்ட இருந்த மேட்டில், ஒரு ரப்பர் மரத்தடியில் நிற்கவைத்தார் மாமா. வண்டிக்குள் இருப்பதைவிட அதுதான் பத்திரம் என்றார். முக்கோணம் டிக்கியில், துணிப்பைகளுக்கு அடியில் இருந்தது. அதைத் தேடியபோதுதான் ஸ்டெப்னியை அமுக்கிப் பார்த்தேன். இட்லி மாவு மாதிரி அமுங்கியது. மாமா அதையும் பார்த்தார், பேசவில்லை. (பேசியிருக்கலாம்.)

முக்கோணத்தை நான் வண்டிக்குப் பின்னால் பத்தடியில் வைத்தேன். மாமா அதைத் தூக்கிக்கொண்டு வளைவுக்கு அந்தப் பக்கம் நடந்தார். வளைவில் வருபவன் திரும்புவதற்கு முன்பே பார்க்க வேண்டுமாம். நேரான சாலையென்றாலும் ஐம்பது மீட்டராவது தள்ளி வைக்கச் சொன்னார். கூடவே இரண்டு பச்சைக் கிளைகளை ஒடித்துச் சாலை ஓரம் போட்டார். நான் ஒரு கல்லைத் தூக்கப் போனதும் அதட்டினார். “கல்லு வைக்காத. போகும்போ எடுக்க மறந்திருவ. ராத்திரி பைக்குல வாறவன் அதுல விழுவான். நான் எத்தன பேரு விழுந்து பாத்திருக்கேன் தெரியுமா?”

பானெட் இடுக்கில் ஆவி வந்தது. அந்த நேரம் பைக்கில் வந்த ஒருவர், ரப்பர் பால் வெட்டுகிறவர், நின்று கேட்டார். “அண்ணே, வெள்ளம் வேணுமா?”

என் மனைவி கோயம்புத்தூர்க்காரி. “வெள்ளமா? எங்கங்க வருது?” என்று அணை இருக்கும் பக்கம் பார்த்தாள். மேற்கே இந்தப் பக்கத்தில் தண்ணீருக்கே அதுதான் பேர் என்று சொல்லி அவளைச் சமாதானப்படுத்துவதற்குள், அந்த நல்ல மனிதர் பாட்டிலோடு ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போய்விட்டார். மாமா அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

ரேடியேட்டருக்குள் தண்ணீர் அழுத்தத்தில் இருக்கிறது. அதனால்தான் நூறு டிகிரி தாண்டியும் கொதிக்காமல் தாங்குகிறது. மூடியைத் திறந்த நொடி அழுத்தம் இறங்க, உள்ளே இருப்பது மொத்தமும் கொதித்து முகத்தில் பீய்ச்சும். டிப்போவில் ஒருவருக்குக் கழுத்து வரை வெந்துபோனதை மாமா கண்ணால் பார்த்திருக்கிறார். மேலே பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது. சூடான உலோகம் சட்டென்று குளிர்ந்தால் கோணும், சில நேரம் வெடித்தே போகும். முக்கால் மணி நேரம் காத்திருக்கலாம் என்றார். காத்திருந்தோம்.

பானெட்டை மட்டும், ஆவி அடங்கியபின் திறந்தோம். தேடவே வேண்டாம். பெல்ட் அறுந்து, செத்த பாம்பு மாதிரி கீழே தொங்கியது. காலையில் கேட்ட ‘கீச்’ இதன் கடைசி மூச்சு.

பேட்டரிப் படத்தை நான் தப்பாகப் படித்திருந்தேன். பேட்டரியின் வேலை பெரும்பாலும் ஸ்டார்ட் செய்வதோடு முடிகிறது. ஓடும்போது கரண்ட் கொடுப்பதும் பேட்டரியை நிரப்புவதும் ஆல்டர்னேட்டர். ஓடும் வண்டியில் அந்த விளக்கு எரிந்தால் ‘சார்ஜ் ஏறவில்லை’ என்று அர்த்தம், பேட்டரி புதிதா பழையதா என்பது வேறு கேள்வி. ஆல்டர்னேட்டரைச் சுற்றுவது பெல்ட். என் வண்டியில் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. (எல்லா வண்டியிலும் அப்படியில்லை, சிலவற்றில் பம்புக்கு வேறு பெல்ட்.) பெல்ட் அறுந்ததும் சார்ஜ் அந்த நொடியே நின்றது, முதல் விளக்கு வந்தது. தண்ணீர் ஓட்டம் நின்று இஞ்சின் சூடேற இரண்டு மூன்று நிமிடம் ஆனது, இரண்டாவது வந்தது. முதலாவதைப் பார்த்தபோதே நின்றிருந்தால் இரண்டாவது வந்திருக்காது.

பேட்டரி விளக்கு மட்டும் எரிந்து, நின்று பார்க்கும்போது பெல்ட் முழுசாக இருந்து, சூடும் ஏறவில்லையென்றால் கதை வேறு. ஏசி, பாட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, இஞ்சினை மட்டும் அணைக்காமல், பேட்டரியில் இருக்கும் கரண்ட்டிலேயே பக்கத்து ஊர் வரை போய்விடலாம். சூடேறும்போது, இஞ்சின் சூட்டை வெளியே இழுக்க ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடும் பழைய தந்திரத்தையும் கேட்டேன். “பம்பே சுத்தாதப்போ ஹீட்டருக்கு எங்கேருந்துடே சூடு வரும்?” என்றார் மாமா. நியாயம்தான்.

செல்போனில் சிக்னல் ஒரு கோடு வந்து வந்து போனது. இன்சூரன்ஸோடு சேர்த்து வாங்கியிருந்த சாலையோர உதவி எண்ணைப் பிடித்தால், ஆள் வர மூன்று மணி நேரம் என்றார்கள். நெடுஞ்சாலையாக இருந்தால் 1033-ஐக் கூப்பிட்டிருக்கலாம், இது தேசிய நெடுஞ்சாலை இல்லை. அடிபட்டிருந்தால் 108, இல்லை 112. நம் சிம்முக்கு சிக்னல் இல்லாத இடத்திலும் 112 வேறு கம்பெனி டவரைப் பிடித்துப் போய்விடும் என்பது தெரிந்திருந்தால் நல்லது. எங்கள் நிலைமை அந்த அளவுக்குப் போகவில்லை. பால் வெட்டுகிறவருக்குக் குலசேகரத்தில் ஒரு மெக்கானிக்கைத் தெரிந்திருந்தது.

மெக்கானிக் போனில் கேட்டது ஒன்றுதான்: “பெல்ட்டுல எழுதியிருக்க நம்பர் என்ன சாரே?” அறுந்த பெல்ட்டைத் துடைத்துப் பார்த்தால் முதுகில் அச்சடித்திருந்தது. ‘பிகே’ என்ற எழுத்துகளுக்கு முன்னால் இருப்பது வரிப்பள்ளங்களின் எண்ணிக்கை, பின்னால் இருப்பது மில்லிமீட்டரில் நீளம். மேட்டில் ஏறி நின்று வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினேன். சரியான பெல்ட்டோடு ஒரே தடவையில் வந்து சேர்ந்தார்.

அவர் வரும் வரை மகள் டேஷ்போர்டு டிராயரிலிருந்து வண்டியின் கையேட்டை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். வண்டி நான் இரண்டாம் கையாக வாங்கியது. எனக்கு முன்னால் வைத்திருந்தவரும் அதன் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை. “அப்பா, சிவப்புன்னா நில்லு, மஞ்சள்னா சீக்கிரம் காட்டு, பச்சையும் நீலமும் சும்மா” என்றாள். ஒவ்வொரு படமாக மாமாவிடம் காட்ட, அவர் தேர்வு வைத்தார். அலாவுதீன் விளக்கு போல இருப்பது ஆயில் அழுத்தம். அது எரிந்தால் டீக்கடையெல்லாம் யோசிக்கக் கூடாது, அந்த இடத்திலேயே அணைக்க வேண்டும், ஆயில் இல்லாத இஞ்சின் நிமிடக் கணக்கில் போய்விடும். மஞ்சள் இஞ்சின் படம் நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிப் போய் ஸ்கேன் போட்டுப் பார்க்கலாம். சிமிட்டினால், எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போகிறது என்று அர்த்தம், அங்கே புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் வெந்துவிடும். வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி ஹேண்ட்பிரேக் போட்டிருந்தாலும் வரும். இறக்கியபின்னும் எரிந்தால் பிரேக் ஆயிலைப் பார்க்க வேண்டும்.

“உங்க பஸ்ஸுல எத்தன லைட்டு தாத்தா?”

“லைட்டெல்லாம் கண்டதில்ல மக்ளே. பிரேக்குக்குக் காத்து கொறஞ்சா பஸ்ஸர் அடிக்கும். மிச்சத்த காதுதான் சொல்லும்.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். காலையில் அந்தச் சத்தத்தை நான் மழை ஈரம் என்று சொன்னபோது ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். “ஒனக்கு உன் வண்டி தெரியும்னு நெனச்சேன்” என்றார்.

மெக்கானிக் பெல்ட் மாட்டி, ஆறிய ரேடியேட்டரில் கூலன்ட் ஊற்றி, ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தால் ஆயிலும் தண்ணீரும் கலக்காமல் இஞ்சினுக்குள் அடைத்து நிற்கும் ஹெட் கேஸ்கட் போய்த் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தமாம். இல்லை. சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறதா என்று பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தார். அதுவும் இல்லை. எல்லாம் சேர்த்து 1,850 ரூபாய். பழைய பெல்ட்டை மடக்கிக் காட்டினார், உள்பக்கம் முழுக்கக் குறுக்கு வெடிப்பு. டார்ச் அடித்துப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

பேச்சிப்பாறை போய்ச் சேர்ந்தபோது இருட்டத் தொடங்கிவிட்டது. 1906-இல் கட்டி முடித்த அணையை மழை மங்கலில் ஒரு வரியாகத்தான் பார்த்தோம். மாத்தூருக்கு நேரமில்லை. 115 அடி உயரத்தில் கால்வாய் ஆற்றைத் தாண்டிப் போவதை அடுத்த தடவை காட்டுகிறேன் என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன்.

ஞாயிறு காலை அரண்மனைக்குக் கிளம்பினோம். மாமா சாவியை வாங்கி, ஸ்டார்ட் செய்யாமல், ஒரு நிலை முன்னால் வரை மட்டும் திருப்பினார். டேஷ்போர்டு முழுக்கப் படங்கள் எரிந்தன. விளக்குகள் தங்களைத் தாங்களே சரிபார்த்துக்கொள்ளும் நேரம் அது. மகள் கையேட்டை மடியில் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள்.

“தாத்தா, ஒண்ணு வரல. ஒரு ஆளு உக்காந்திருப்பாரு, முன்னால பந்து இருக்கும். அது எரியவே இல்ல.”

ஏர்பேக். மாமா மறுபடி சாவியை அணைத்துத் திருப்பினார். மறுபடியும் வரவில்லை. பல்பு போயிருக்கலாம், இல்லை கோளாறு தெரியக் கூடாதென்று யாரோ பிடுங்கியிருக்கலாம். அந்தப் படத்தை நான் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று யோசித்தேன். வாங்கிய நாளிலிருந்து பார்த்த ஞாபகமே இல்லை.

“தக்கலைல ஒரு எலக்ட்ரீசியன் உண்டு. கடை லீவு, ஆனா வீடு தெரியும்” என்றார் மாமா. “அரண்மனைய நாளைக்குப் பாப்போம்.”

“நாளைக்குத் திங்கக்கிழமை மாமா. அரண்மனை லீவுங்க” என்றாள் என் மனைவி.